திட்டிக்கொண்டே பார்ப்பவன்

பிள்ளைகளை மேடையில் அழவைக்கும் டிவி பாட்டுப் போட்டிகளையே நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதி சரி. போட்டியிலிருந்து ஒருவரை வெளியேற்றும் எலிமினேஷன் நாள் வந்தால் எங்கள் வீட்டில் ரிமோட்டைத் தேடும் படலம் தொடங்கிவிடும். பெயரைச் சொல்லாமல் இழுப்பார்கள், விளம்பரம் போடுவார்கள், திரும்பி வந்து அதே முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள், பின்னணியில் வயலின் வேறு. பத்து வயசுப் பிள்ளையின் உதடு துடிப்பதை அவ்வளவு பக்கத்தில் காட்டியே ஆக வேண்டுமா? ஏ.வி. ரமணன் சன் டிவியில் சப்தஸ்வரங்கள் பாட்டுப் போட்டியை நடத்திய காலத்தில் இவ்வளவு கண்ணீர் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. 2018இல் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனை செந்தில் கணேஷ் ஜெயித்தாரே, அந்த சீசன் முழுக்க என் அப்பா டிவி முன்னால் இருந்தார். சினிமாப் பாட்டுப் போட்டி என்றாலே எழுந்து போகிறவர் அவர். செந்திலும் அவர் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டு எடுத்தால் மட்டும் "சத்தத்தைக் கூட்டுடா" என்பார். தொடையில் தாளம் போட்டபடி, எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் கேட்ட பாட்டையெல்லாம் நடுநடுவே சொல்லுவார். அதற்கு முன் அவர் பாட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

நடுவர்கள் எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று கைதட்டுவது எனக்கும் எரிச்சல்தான். அப்புறம் யாராவது ஒரு பல்லவியைச் சுத்தமாக எடுத்துவிட்டால், ரிமோட் கையிலேயே இருக்கிறது.