மில்லை ஓட்டியவரை விட்டுவிட்டீர்களே

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஸ்லீப்பி ஹாலோவில் உள்ள பிலிப்ஸ்பர்க் மேனர் என்ற பழைய பண்ணை அருங்காட்சியகம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் கல் வீடு, தண்ணீரில் ஓடும் மாவு மில் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். உரிமையாளர் அடால்ஃபஸ் பிலிப்ஸ் 1750-ல் இறந்ததும் எழுதப்பட்ட அவருடைய சொத்துப் பட்டியலில், தட்டுமுட்டுச் சாமான்களோடு 23 அடிமைகளும் இருக்கிறார்கள். மில்லை ஓட்டிய சீசர் அவர்களில் ஒருவர்.

லேசான வேலையா அது? மாவு அரைக்கும் இரண்டு கற்களில் மேல்கல் கீழ்க்கல்லில் உரசக் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது. கொஞ்சம் நெருங்கினாலும் மாவில் கருகல் வாடை ஏறிவிடும். கொட்டுகிற மாவை விரலில் தேய்த்துப் பார்த்தே இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். (இப்போது நிற்பது பிற்பாடு மறுபடி கட்டிய மில்தான், சரி.)

நியூயார்க்கில் அடிமைமுறை 1827 வரை இருந்தது. அங்கே போகும்வரை, அது தெற்கு மாநிலங்களின் சமாச்சாரம் என்றே நானும் நினைத்திருந்தேன்.