தொழிற்பிரிவு படித்தால் பொறியியல் இல்லையா?

"அரசுப் பள்ளியில் பிளஸ் டூ தொழிற்பிரிவு எடுத்தவர்கள் பொறியியல் கல்லூரியில் கால் வைக்க முடியாது" என்று சேலம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவினருக்கு 2 சதவீத இடங்கள் தனியாகவே ஒதுக்கப்படுகின்றன. தரவரிசைக்கு அவர்களுடைய தொழிற்பாட மதிப்பெண்ணும் செய்முறை மதிப்பெண்ணும் கணக்கில் வருகின்றன. பட்டறையில் அரம் பிடித்த நேரம் வீண்போவதில்லை. சேலத்தை அடுத்த கருப்பூரில் 1966 முதல் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியும் இந்தக் கலந்தாய்வில்தான் நிரம்புகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு.

பொறியியல் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: உரிய தொழிற்பாடம் படித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. ஓர் ஆண்டுக் கட்டணமும் மிச்சம். தகவலைப் பரப்புகிறவர்கள் இதை மட்டும் ஏனோ எழுதுவதில்லை.