சிவனுக்கு எதற்கு இத்தனை தசை?

சிவனை வரையச் சொன்னால் எங்கள் இளைய ஓவியர்கள் பலர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேரே இறங்கி வந்த ஒருவரைத்தான் வரைகிறார்கள். வயிற்றில் ஆறு கட்டு, கழுத்தில் புடைத்த நரம்பு, முதுகுக்குப் பின்னால் நீல ஒளி. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் கேட்ட மாத்திரத்தில் அதையேதான் கொண்டுவந்து கொட்டுகின்றன. கணினியில் முப்பரிமாண உருவம் செய்து பிழைக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் கைத்திறமையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் பார்த்துப் பழகும் உருவங்களில்தான் குறை.

கொழும்பில் இருந்துகொண்டு இப்படிப் பழகுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பஸ் ஏறினால் போதும், தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877இல் திறந்த கட்டடம். பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாகப் போய்க் கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வந்ததோடு பலருக்கு அந்த இடம் முடிந்துவிடுகிறது. பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அகழ்வுகளில் கிடைத்த வெண்கலங்கள் அங்கேதான் இருக்கின்றன. சோழர் அந்நகரைத் தலைநகராக்கி ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் இங்கே வேரூன்றிய மரபு அது.

நடராசரின் முன்னால் நின்று தோளிலிருந்து விரல் நுனி வரை கண்ணை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழங்கை எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தசை பிரியும் கோடு ஒன்றுகூடக் கிடையாது. மூச்சை உள்ளிழுத்து நிறுத்திய நிறைவு மட்டும் மார்பிலும் வயிற்றிலும் தெரிகிறது. முயலகன் மேல் ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடிந்து பாரம் முழுவதையும் வாங்குகிறது. ஆட்டத்தின் விசை அத்தனையும் அந்த மடிப்பில் இருக்கிறது. உருவத்துக்கு எடை வரவழைப்பதுதான் எங்கள் தொழிலில் கடினமான வேலை. தசையை எவ்வளவு செதுக்கினாலும் பாதம் தரையில் பதியாவிட்டால் உருவம் மிதக்கும். அந்த வேலையைப் பெயர் தெரியாத சிற்பி ஒருவர் மெழுகில் முடித்து வைத்திருக்கிறார்.

மெழுகு என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த மரபில் உருவத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் நிறையும். பிறகு மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். அளவும் கண்மதிப்பு அல்ல. முகத்தின் நீளம் ஒரு தாலம், தாலத்துக்கு 12 அங்குலம். இது அடிக்கோலின் அங்குலம் அல்ல, சிலையின் அளவோடு கூடிக் குறையும் அலகு. தலைமைத் தெய்வங்களுக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தச தாலம், அதாவது பத்துத் தால அளவுகளில் உயர்ந்தது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் தென்னையோலைக் கீற்றை மடித்து மடித்து இந்த அளவைப் பிரிக்கிறார்கள். நாங்கள் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் தலையை அலகாக வைத்து ஏழரை, எட்டு என்று உடலைப் பிரிக்கிறோமே, அதே சிந்தனைதான். அப்படியிருக்கையில் எங்கள் பயிற்சி வகுப்புகளில் தாலக் கணக்கை ஏன் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை?

கதாபாத்திர வடிவமைப்பில் எல்லோரும் படிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கினாலும் ஆள் யார் என்று தெரிய வேண்டும். பொலன்னறுவை வெண்கலங்களில் சைவக் குரவர் நால்வரைப் பாருங்கள். சம்பந்தர் குழந்தை. அப்பர் புல் செதுக்கும் உழவாரப் படையோடு இருப்பவர். மாணிக்கவாசகரின் இடக்கையில் ஏடு, வலக்கை உபதேசம் செய்கிறது, உடம்பில் அணிகலன் என்று சொல்ல அதிகமில்லை. சுந்தரர் அணிமணிகளோடு நிற்கிறார். மணப்பந்தலிலேயே இறைவன் தடுத்தாட்கொண்ட பிள்ளை அல்லவா! முகங்களை மறைத்துவிட்டு நிழலை மட்டும் காட்டினாலும் தேவாரம் கேட்டு வளர்ந்த எவரும் பெயர் சொல்லிவிடுவார்கள்.

நுழைவு மண்டபத்தில் இருக்கும் தொளுவில புத்தரையும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அநுராதபுரத்திலிருந்து வந்த, 5 அடி 9 அங்குல உயரமான கற்சிலை. கழுத்தில் மூன்று மெல்லிய வரிகள். மற்ற இடமெல்லாம் அமைதியான பரப்பு. புதிதாக வருபவர்கள் பொலிகன்களை, அதாவது கணினி உருவத்தின் பரப்பை ஆக்கும் சிறு பல்கோணத் துண்டுகளை, இலட்சக் கணக்கில் ஏற்றித் தோலின் துவாரம் வரை செதுக்குகிறார்கள். கழுத்து தோளில் எப்படி வந்து அமர்கிறது என்று கவனிப்பதில்லை. அந்த மூன்று வரிகளைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். கழுத்தின் உருட்சி சரியாக வராத வரை வரியும் சரியாக வராது. கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வீட்டில் வரையலாம் என்று எண்ணவேண்டாம். படம் ஒரு பக்கத்தை மட்டும்தான் தரும்.

இந்த வெண்கலங்களை உலகம் பார்க்கச் செய்தவர்களில் முதன்மையானவர் எங்கள் ஊர்க்காரர். ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்ததும் நூதனசாலை திறந்ததும் ஒரே ஆண்டு. 1914இல் இங்குள்ள வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அருகிலுள்ள வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது; ஆண்டுதோறும் ஓவியச் சந்தை கூடுவதும் அந்த வீதியில்தான். அங்கே படம் விற்கவும் வாங்கவும் வருகிறவர்களில் எத்தனை பேர் அப்படியே நடந்து நூதனசாலைக்குள் போகிறார்கள்?

எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, உரியவர்கள் கண்ணில் பட்டால் நல்லது. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமிருந்த பதிப்புரிமையற்ற படைப்புகளின் படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இங்கும் பொலன்னறுவை வெண்கலங்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்து, யாழ்ப்பாணத்திலும் ஹட்டனிலும் இருக்கும் மாணவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுக்க வேண்டும். கொழும்புக்கு வந்துபோகக் காசில்லாத பிள்ளைகளுக்கும் அது சேரும். சுந்தரரிலிருந்து தொடங்குங்கள், முதுகையும் விடாமல் பதிவு செய்யுங்கள். நான் பார்த்த நூல்களில் எல்லாம் அவர் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.