எம்.ஜி.பி-க்கு எந்த என்ஜின்? குதிரைத்திறனைக் கடைசியாகக் கேளுங்கள்

எம்.ஜி.பி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினை இறக்கிவிட்டு நவீன என்ஜின் ஒன்றைப் பொருத்த விரும்பும் இளைஞர்கள், எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தாலும் ஃபீனிக்ஸிலிருந்தாலும், என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, லெக்சஸின் எட்டு சிலிண்டர் வி8 உள்ளே போகுமா?" வெட்டவும் ஒட்டவும் துணிந்தவருக்கு எதுவும் உள்ளே போகும். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் வேலைகளில் பல, கராஜின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் முடிவதைப் பார்த்துவிட்டேன். ஆகவே என் கருத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்ஜினை மாற்றுவதே பாவம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றின் பேனட்டுக்கு அடியில் வேறு என்ஜின் உட்கார்ந்தால் வரலாறு அழிந்துவிடாது. எம்.ஜி.பி-க்கு முந்தைய மாடலான, இரண்டாயிரத்துச் சொச்சமே தயாரிக்கப்பட்ட எம்.ஜி.ஏ ட்வின் கேம் உங்களிடம் இருந்தால் அது வேறு பேச்சு. அதில் ஸ்பேனரை வைக்காதீர்கள். மேலும், மாற்றுவது நம் தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதும் அல்ல. ஃபோர்டு கேப்ரியில் 5 லிட்டர் வி8-ஐ வைத்துப் பெரானா என்று விற்ற பேசில் கிரீனும், ஷெவர்லே ஃபிரென்ஸாவில் அதே அளவு வி8-ஐப் பொருத்தி 1973-இல் நூறு கார்கள் மட்டும் வெளிவந்த கேன்-ஆமும் தென்னாப்பிரிக்கக் கார்ப் பிரியர்களின் இரத்தத்தில் ஊறியவை. நம் இளைஞர்களின் வி8 மோகம் எங்கிருந்து வந்தது என்று வியக்க வேண்டியதில்லை.

ஆனால் கேப்ரியின் உடல் வேறு, எம்.ஜி.பி-யின் உடல் வேறு. எம்.ஜி.பி-க்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பெட்டி போன்ற பகுதிதான், குறிப்பாகக் கூரையில்லாத ரோட்ஸ்டரில், காரின் முதுகெலும்பு. டர்பனின் உப்புக் காற்று அந்தச் சில்லை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும். முன்னால் எடையும் முறுக்குவிசையும் கூடும்போது அழுத்தம் முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். என்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை வெல்டருக்குக் கொடுக்க மனமில்லாதவர் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எடை என்ன செய்யும் என்பதை எம்.ஜி தொழிற்சாலையே தன் செலவில் நிரூபித்திருக்கிறது. 1967-இல் வந்த எம்.ஜி.சி, அதே உடலில் 2.9 லிட்டர் ஆறு சிலிண்டர் வார்ப்பிரும்பு என்ஜினை ஏற்றியது; ஏறத்தாழ 95 கிலோ கூடுதல் எடை முன் சக்கரங்களின் மேல் விழுந்தது; வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது என்று அக்காலச் சோதனை ஓட்டுநர்கள் எழுதினார்கள்; 1969-இல் கதை முடிந்தது. பிறகு 1973-இல் அதே தொழிற்சாலை 3528 சி.சி ரோவர் வி8-ஐ ஜி.டி என்னும் கூரையுள்ள எம்.ஜி.பி உடலில் வைத்தது. கென் காஸ்டெல்லோ என்பவர் அதற்கு முன்பே தம் பட்டறையில் செய்து காட்டிய வேலை அது. அந்த என்ஜின் முழுக்க அலுமினியம் என்பதால், இரு மடங்கு சிலிண்டர்கள் இருந்தும் பழைய நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு என்ஜினைவிட எடை கூடவில்லை. கார் நேராக நின்றது. அதன் திறன் 137 குதிரைத்திறன். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எம்.ஜி.பி-யை வடிவமைத்தவர்களே, பிரேக்கைச் சற்றுப் பலப்படுத்திய பின், அந்த உடலுக்குப் போதும் என்று கருதிய அளவு அது.

லெக்சஸின் 4 லிட்டர் வி8-உம் அலுமினியம்தானே என்று கேட்கலாம். ரோவர் என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலான வி-யின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். அதனால் சிலிண்டர் தலைகள் ஒடுக்கமானவை. லெக்சஸில் நான்கு கேம்ஷாஃப்ட்கள் தலைகளின் மேலேயே இருப்பதால் என்ஜின் அகன்று, இரு பக்கமும் உட்சுவர்களை வெட்டச் சொல்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட நம் கார்களில், ஸ்டியரிங் தண்டும் வெளியேற்றுக் குழாயும் ஒரே இடத்துக்குச் சண்டையிடும். ஹைலக்ஸ் பக்கியில், அதாவது பிக்-அப் வண்டியில், அந்த என்ஜின் அழகாக உட்காருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதன் இடம் அங்கேதான்.

எனவே என் வரிசை தலைகீழானது: முதலில் கியர்பாக்ஸ், அடுத்து எடை, பிறகு உதிரி பாகம், கடைசியில் குதிரைத்திறன். கியர்பாக்ஸ் ஏன் முதலில்? நம் ஸ்க்ராப்யார்டுகளில் குவிந்து கிடக்கும் நல்ல என்ஜின்கள், போலோ, டாஸ், கரோலா என்று எதை எடுத்தாலும், முன் சக்கரங்களை இயக்கக் குறுக்காகப் படுத்திருப்பவை. அவற்றை நீளவாக்கில் நிறுத்தினால் பின்னால் எந்தக் கியர்பாக்ஸை மாட்டுவது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடையாது. கிடைத்தாலும், இணைப்புத் தட்டைக் கடைந்து வாங்கும் செலவு என்ஜினின் விலையைத் தாண்டிவிடும். பின் சக்கர இயக்கத்துக்கென்றே பிறந்த கியர்பாக்ஸோடு இயல்பாகச் சேரும் நான்கு சிலிண்டர் என்ஜின்களை மட்டும் சல்லடையில் நிறுத்தினால் சிலவே மிஞ்சும்: மாஸ்டா எம்.எக்ஸ்-5, ரோஸ்லினில் தயாரான பி.எம்.டபிள்யூ 3 வரிசை, ஃபோர்டு.

எம்.எக்ஸ்-5 என்ஜின் இவற்றுள் மிக இனிமையானது என்பேன். இங்கிலாந்தின் ஃப்ரண்ட்லைன் நிறுவனம் புதுப்பித்து விற்ற எம்.ஜி.பி-கள் பலவற்றிலும் மாஸ்டா என்ஜின்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் எம்.எக்ஸ்-5 அரிது, விபத்தில் நொறுங்கியது ஒன்று கிடைத்தாலும் அதற்குப் பத்துப் பேர் போட்டியிடுவார்கள். பி.எம்.டபிள்யூ 318-இன் என்ஜின் ஏராளமாகக் கிடைக்கும், உழைக்கும். எனினும் எண்ணெய்த் தொட்டியின் ஆழமான பகுதி எம்.ஜி.பி-யின் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று அளந்து பார்க்காமல் எவரும் பணம் கொடுக்கக் கூடாது.

என் தேர்வு ஃபோர்டின் 2 லிட்டர் ஸீடெக், அதன் பின்னால் ஃபோர்டு சியாரா காரின் டைப் 9 ஐந்து கியர் பெட்டி. சியாரா இங்கேயே தயாரான கார் என்பதால் அதன் கியர்பாக்ஸ் இன்னும் தேடினால் கிடைக்கிறது. ஸீடெக்கின் திறன் ஏறத்தாழ 130 குதிரைத்திறன். மேலே சொன்ன 137-க்கு அருகில், பழைய என்ஜினின் 95-ஐ விட மிக மேலே, எடையோ பழையதைவிடக் குறைவு. இதிலும் வேலை இருக்கிறது. சிலிண்டர் தலையின் பின்புறமுள்ள நீர் வெளியேறும் பகுதி தீச்சுவரில் முட்டும் என்பதால் அதை மாற்ற வேண்டும். நான்கு சிலிண்டர் சியாராவின் முதல் கியர் 3.65 விகிதம், எம்.ஜி.பி-யின் 3.9 பின் அச்சோடு சேரும்போது அது புறப்பட்டவுடனே தீர்ந்துபோகும். வி6 வடிவத்தின் 3.36 பெட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

ஐந்தாவது கியரின் அருமையை டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில்தான் உணர முடியும். என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி, மணிக்கு 120 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு நான்காயிரத்துக்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேரும்வரை காதில் வேறெதுவும் விழாது. ஐந்தாவது கியர் அதை மூவாயிரத்து நானூறு அளவுக்கு இறக்கிவிடும். வான் ரீனன் கணவாயில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குப் போகும்போது, காற்றின் அடர்த்தி குறைந்து, சாதாரண என்ஜின் எதுவானாலும் தன் திறனில் ஆறில் ஒரு பங்கை இழக்கும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் பழைய என்ஜினின் எஸ்.யு கார்பரேட்டரை டர்பனில் சரிசெய்துவிட்டு அங்கே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும், நவீன என்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.யு காற்றழுத்தத்தைத் தானே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். நவீன என்ஜின் வேண்டும் என்பதற்கு எனக்குள்ள முதன்மையான காரணம் இதுதான், வேகம் அன்று.

ஈ.சி.யு என்றதும், ஃபோர்டின் மூலக் கணினியையும் அதன் சாவித் திருட்டுத் தடுப்பையும் பழைய வயரிங்கோடு மல்லுக்கட்ட வைக்காமல், நம் நாட்டிலேயே உருவான டிக்டேட்டர் அல்லது ஸ்பிட்ரானிக்ஸ் போன்ற ஈ.சி.யு ஒன்றைப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். பழுதானால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஆள் உள்நாட்டிலேயே இருக்கிறார் என்பது சிறிய விஷயம் அன்று.

மின்சார மோட்டார் வைக்கலாமே என்பவர்களுக்கு: மின்வெட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஆண்டுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

பழைய என்ஜினே போதும் என்று நினைப்பவர்களையும் நான் மதிக்கிறேன். 2006 ஜனவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே முடிவுக்கு வந்துவிட்டதால், ஈயமில்லாத பெட்ரோலில் தேயாதபடி கடினமாக்கிய வால்வு இருக்கைகளைப் பொருத்தி, ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் ஒன்றையும் தேடி மாட்டினால், ஐந்து பேரிங் கொண்ட அந்த 1798 சி.சி என்ஜின் இன்னும் நெடுங்காலம் ஓடும். செலவும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடற்கரையான அம்லாங்கா வரை மட்டும் போய் வருபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்கள் என்ஜினை வண்டியில் ஏற்றுவதற்கு முன், விற்பவரிடம் என்ஜின் எண் தெளிவாக எழுதிய ரசீதை வாங்குங்கள். எண் மாறினால் காவல்துறையின் சான்று பெற்று, வாகனப் பதிவிலும் மாற்ற வேண்டும். எண் சுரண்டப்பட்ட என்ஜினுக்கு அந்தச் சான்று கிடைக்காது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான என்ஜினாக இருந்தால், அதன் சுங்க ஆவணத்தின் நகலையும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தக் கடையே அங்கு இருக்குமா என்பது நிச்சயமில்லை.