பாடுகிறவருக்கு உதவித்தொகை கொடுக்கிறவர்களே, பியானோக்காரருக்கும் சேர்த்துக் கொடுங்கள்

மும்பைத் தமிழர்களில் வசதியாக இருக்கிறவர்கள், கம்பெனிகளில் சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்தைக் கையாளுகிறவர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆப்பரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், பாடக் கற்கும் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். நான் பார்த்தவரை அவர்கள் பணம் ஒன்று கச்சேரி ஸ்பான்சருக்குப் போகும், இல்லையென்றால் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் விமான டிக்கெட்டுக்குப் போகும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த டிக்கெட்டுக்கு முன்னால் பல வருஷம் பாடிப் பழக வேண்டியிருக்கிறதே, அந்தக் காலத்துக்கு யார் கொடுப்பது? அந்த வருஷங்களில் பிள்ளையோடு உட்கார வேண்டிய பியானோக்காரரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

நம் கர்நாடக சங்கீதத்தில் பன்னிரண்டு வயதிலேயே மேடையேறிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆப்பராவில் அது நடக்காது. மைக் இல்லாமல், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும். அந்தக் குரல் பக்குவப்படவே இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். கனமான பாத்திரங்களுக்கு முப்பதும் தாண்டும். அதற்குள் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பெல்லாம் நாக்கில் படிய வேண்டும். டிகிரி முடித்த பெண்ணிடம் "இன்னும் எத்தனை வருஷம்மா பாட்டு?" என்று வீட்டில் கேட்பதும் சரியாக அந்த வயதில்தான்.

என் அக்கா மகள் எங்கள் தமிழ்ச் சபைக் கொயரில் பாடி வளர்ந்தவள். மோட்ஸார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' ஆப்பராவில், நாலாம் அங்கத்தில் சூசன்னா என்ற பாத்திரம் தோட்டத்தில் பாடும் பாட்டை இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யூடியூப் கரோக்கியைப் போட்டுத்தான் சாதகம். கரோக்கி யாருக்காகவும் நிற்காது. இவள் மூச்சு எடுப்பதற்குள் அது அடுத்த வரிக்குப் போய்விடும், பின்னால் ஓடிப் பிடிப்பதிலேயே பாட்டு முடிந்துவிடும். ஒருநாள் தெரிந்த பியானோக்காரர் ஒருவர் வந்து வாசித்தார். அந்தப் பாட்டில் வயலின் கோஷ்டி வில்லை வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டும். அவர் ஒலியை நீட்டும் பெடலைத் தொடாமல், குட்டிக் குட்டி ஸ்வரங்களாக வாசித்து அந்தச் சுண்டும் ஓசையை அப்படியே கொண்டுவந்தார். நீள வரியின் நடுவில் அவள் தோள் உயர்வதைப் பார்த்ததுமே கால் மாத்திரை தாமதித்தார். பிறகு நிறுத்தி, "மூச்சை இங்கே எடுக்காதே, இந்த வார்த்தை முடியட்டும்" என்றார். திரும்பப் பாடினாள். அவள் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வேலைக்கு ரெப்பெட்டிட்டர் என்று பெயர். ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட ஆகும் செலவுக்கு ஒத்திகை முழுக்க அவர்களை உட்காரவைக்க எந்த அரங்காலும் முடியாது. அதனால் வாரக்கணக்கில் பியானோவை மட்டும் வைத்துத்தான் ஒத்திகை நடக்கும். ஒரு ஆள் பத்து விரலில் முழு ஆர்கெஸ்ட்ராவையும் வாசிக்க வேண்டும், வராத பாடகரின் வரியைத் தானே பாட வேண்டும், உச்சரிப்பைத் திருத்த வேண்டும், ஒரு கண் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் மேலும் இருக்க வேண்டும். புகழ்பெற்ற கண்டக்டர் ஜார்ஜ் ஷோல்ட்டி புடாபெஸ்ட் ஆப்பராவில் இந்த வேலையில் ஆரம்பித்தவர்தான். இன்னொரு பெரிய கண்டக்டர் அன்டோனியோ பப்பானோவும் அப்படித்தான். தனிக் கச்சேரி பியானிஸ்டாகப் பயின்றவருக்கு இது தானாக வந்துவிடாது, தனியாகப் படிக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட இடங்களில் இரண்டு பேருக்கும் சேர்த்தே பணம் போகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 1980-ல் தொடங்கிய இளம் கலைஞர் திட்டத்தில் பாடகர்களோடு பியானோ கலைஞர்களையும் எடுக்கிறார்கள். லண்டன் நேஷனல் ஆப்பரா ஸ்டுடியோவிலும் அப்படியே.

கொடுக்கும் விதத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ் 2001-ல் இளம் கலைஞர் திட்டம் ஆரம்பித்தபோது அல்பெர்ட்டோ விலார் என்ற அமெரிக்கச் செல்வரின் பெயரை வைத்தார்கள். அவர் சொன்ன தொகை முழுதாக வந்து சேரவில்லை. 2005-ல் மோசடி வழக்கில் கைதானார். திட்டத்துக்கு வேறு கொடையாளர்கள் கிடைத்தார்கள், இன்று அது ஜெட் பார்க்கர் என்ற கொடையாளரின் பெயரில் நடக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்று சொல்ல முடியாது. வாக்குறுதி வேண்டாம், வங்கியில் மூலதனமாகப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நமக்கு இது புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை வைத்தான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் ஒரே அளவு! ஒருவர் இறந்தால் வாரிசுக்கு அந்த இடம், வாரிசுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறு ஆள் என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"மேற்கத்திய சங்கீதத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று மாட்டுங்காவில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பாலுசுவாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார், இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா ஐயா என்று கேட்டேன். அதைவிட முக்கியமாக, இது நம் பிள்ளைகள் விரும்பிக் கற்கும் கலை. அது போதாதா?

நம் மும்பை சார்னி ரோடு ராயல் ஆப்பரா ஹவுஸ் 1993-ல் மூடி, 2016-ல் மறுபடி திறந்தபோது இந்த ஊரில் பிறந்த சொப்ரானோ (உச்சக் குரல் பாடகி) பட்ரீசியா ரொசாரியோ பாடினார், அவர் கணவர் மார்க் ட்ரூப் பியானோ வாசித்தார். அந்த இருவரும் சேர்ந்தேதான் பல வருஷமாக இங்கே வந்து இளம் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். என்.சி.பி.ஏ. என்னும் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் 2006 முதல் ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவே இருக்கிறது. அரங்கம் இருக்கிறது, குரலும் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் ஒத்திகை அறையில் உட்காரும் ஆட்கள்தான் போதவில்லை.

சி.எஸ்.ஆர். பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, கலை பண்பாடும் இருக்கிறது. தொடர் திட்டமாக எடுத்தால் தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுவரை நடத்தலாம். ஒரு இளைஞர் வேறு வேலை தேடாமல் இந்தக் கலையைக் கற்று முடிக்க அந்த நாலு வருஷம் பெரிய உதவி. உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

தனியாகக் கொடுக்க நினைப்பவர்கள் ஒரு பியானோக்காரரின் ஒரு மாதத்து மாலை நேரத்தை ஏற்றுக்கொள்ளலாம். செம்பூரிலும் சயானிலும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அப்படி ஆரம்பித்திருக்கிறோம், பணம் நேராக வாசிப்பவருக்கே போகிறது. சேர விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். பியானோ வாசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தாலும் எழுதுங்கள், இப்போது அவர்கள்தான் அவசரமாகத் தேவை.