எந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?

நம்ம பக்கத்து நாளிதழ்களில் வரும் வாசகர் கடிதங்களைப் படம் பிடித்து, எழுத்துப் பிழைக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் படித்தவர்கள் சிலருக்குக் காலைக் காப்பியோடு சேர்ந்த வேலையாகிவிட்டது. நானும் சிரிக்கிறவன்தான். ஆனால் சிரிக்க வேண்டிய கடிதத்தை விட்டுவிட்டு வேறெதையோ பார்த்துச் சிரிக்கிறோம்.

சமீபத்தில் மாட்டியது ஒரு கொள்முதல் நிலையக் கடிதம். 'ஈறப்பதம்', 'வாய்கால்' என்று எழுதியிருந்தார், முற்றுப்புள்ளி என்ற ஒன்றே கிடையாது. சரி. ஆனால் எந்த ஊர் டிபிசி (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்), குறுவை நெல்லை என்றைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார், மெஷின் எவ்வளவு ஈரம் காட்டியது, 17 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று திருப்பிவிட்டதால் ரோட்டில் காயப்போட்ட நெல் மழையில் நனைந்து எப்படி முளைவிட்டது, சாக்கு இல்லை என்று யார் சொன்னது, அத்தனையும் அதில் இருந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை என ஒரு அதிகாரியும் நழுவ முடியாது. இதற்கு வட்டமா?

அதே பக்கத்தில் பிழையே இல்லாத இன்னொரு கடிதம். விஷயம், தெருவிளக்கு எரியவில்லை. அதைச் சொல்வதற்கு 'சோழ வளநாடு சோறுடைத்து' என்று தொடங்கி, கரிகாலன் கல்லணை கட்டியதைச் சொல்லி, உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன 177.25 டிஎம்சி காவிரி நீரைக் கர்நாடகம் ஒழுங்காகத் தருகிறதா என்று கேட்டு, காவிரித் தாயைக் கொஞ்சம் அழவிட்டு, கடைசி வரியில் 'எங்கள் பகுதி' இருளில் மூழ்கிக் கிடப்பதாக முடிக்கிறார். எந்தப் பகுதி சார்? எந்த வார்டு, எந்தக் கம்பம்? நகராட்சி ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கல்லணைக்குத்தான் போக வேண்டும். இந்தக் கடிதத்துக்குக் குழுவில் 'அருமை ஐயா' என்று பாராட்டு மழை.

அப்புறம் தூர்வாரும் கடிதங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற தேதி ஜூன் 12 என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தண்ணீர் வருவதற்கு முன்னால் கோடையில்தான் தூர்வார முடியும் என்பதும் தெரியும். இவர்கள் ஜூலையில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, போர்க்கால அடிப்படையில் தூர்வாரச் சொல்லி எழுதுவார்கள், அதையும் பொதுப்பணித்துறைக்கு. ஆறு, வாய்க்காலைப் பார்க்கிற நீர்வளத்துறை அதிலிருந்து தனியாகப் பிரிந்தது 2021-லேயே. (பேச்சில் நாமும் இன்னும் பி.டபிள்யூ.டி என்றுதான் சொல்கிறோம், அது வேறு.) எந்த ஆற்றில் பிரிகிற வாய்க்கால், சி வாய்க்காலா டி வாய்க்காலா (கிளை வாய்க்கால்களைப் பிரித்துச் சொல்கிற எழுத்துகள்), எந்த மதகிலிருந்து எதுவரை அடைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை இருக்காது. 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்' மட்டும் தவறாமல் இருக்கும். அதைப் படிக்கிற எந்த அதிகாரியும் தன்னைச் சம்பந்தப்பட்டவராக நினைத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவு பத்திரமான வாக்கியம் அது.

பத்திரிகைக்காரர்களையும் சும்மா விட முடியாது. 'ஈறப்பதம்' என்பதைத் திருத்த அரை நிமிடம் ஆகுமா? அது உதவி ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை, வயலில் நிற்கிறவர் வேலை இல்லை. பிழையை அப்படியே விட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று மதகின் பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டு, மேலே 'கண்டுகொள்ளுமா அரசு?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைக்கிறார்கள். வட்டம் போட்டே தீர வேண்டும் என்று கை அரித்தால் அந்தத் தலைப்பைச் சுற்றிப் போடுங்கள்.