அத்தையின் காலை வசனத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

வாக்குத்தத்த அட்டையையும் காலை வசனம் அனுப்புகிறவர்களையும் ஒரு போதகர் கிண்டல் செய்கிற அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். வெட்டிப் போட்ட துண்டை மட்டுமல்ல, "முழுசாப் பாருங்க அக்கா, சூழல் தெரியாமப் பேசாதீங்க" என்று இன்பாக்ஸில் வந்து சொன்ன தம்பிகளுக்காக அந்தப் பிரசங்கம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். சூழல் தெரிந்த பிறகு வருத்தம் கூடித்தான் போனது.

அந்தப் போதகர் நன்றாகப் பேசுகிறார். படித்தவர். வாக்குத்தத்தத்தை, அதாவது வேதத்தில் கடவுள் கொடுத்த வாக்கைக் காட்டிக் காணிக்கை பிடுங்குகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி, நானும் அதே வயிற்றெரிச்சலில் இருக்கிறவள்தான். அப்புறம் அந்த இடம் வந்தது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது, அதாவது வசனம் எழுதின அட்டைகளில் ஒன்றைப் பார்க்காமல் எடுத்து அந்த வருஷத்துக்கான வாக்காக வைத்துக்கொள்வது, கிளி ஜோசியம் என்றார். கிளி சீட்டு எடுப்பதுபோல் கழுத்தை ஆட்டிக் காட்டினார். சபை சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தினமும் காலையில் வாட்ஸப்பில் வசனம் அனுப்பும் ஆச்சிமார்களைப்போல் குரலை நடுங்க வைத்து "ஸ்தோத்திரம் மக்களே" என்று மிமிக்ரி செய்தார். சிரிப்பு இரண்டு மடங்காகியது.

என் அத்தை அப்படித்தான் பேசுவார்கள். அதே நடுக்கம், அதே இரண்டு வார்த்தை.

அத்தை என்றால் என் மாமியார். மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து வேதம் வாசித்து, அன்றைய பகுதியில் ஒரு வசனத்தைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அனுப்புவார்கள். ரோஜாப்பூ, சூரிய உதயம் எதுவும் இருக்காது. நீல மையில் நாலு வரி, கீழே "ஸ்தோத்திரம் மக்களே". பல நாள் போட்டோவின் ஓரத்தில் அவர்கள் கட்டைவிரலும் விழுந்திருக்கும்.

அத்தையின் மகன், என் கணவர். அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அந்த வாழ்க்கை புரியும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். தென்னையும் வாழையும் நிற்கும் வீட்டில் பிறந்த மனிதருக்கு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பை தூக்கக்கூடாது, பி.பி. பார்க்கக்கூடாது. திங்கட்கிழமை சுத்தம் செய்த ரத்தத்தில் புதன்கிழமைக்குள் மறுபடி கழிவு சேர்ந்துவிடும். தைரியமும் அப்படித்தான். நேற்று வந்த தைரியம் இன்றைக்குப் பற்றாது. இதை நான் பிரசங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, டயாலிசிஸ் யூனிட்டின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

உள்ளே போவதற்கு முன்னால் அவர் கேட்பார், "அம்மா இன்னைக்கு என்ன எழுதியிருக்காவ?"

அத்தை வசனத்தைத் தேடிப் பிடித்து எழுதுவதில்லை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும் போய்விட்டு மறுபடி ஆதியாகமத்துக்கு வருவார்கள். அதனால் எல்லா நாளும் இனிப்பாக இருக்காது. ஒருநாள் 88-ம் சங்கீதம் வந்தது. சங்கீதங்களிலேயே கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிற சங்கீதம் அது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று அத்தை எழுதியிருந்தார்கள். அவருடைய சேக்காளிகள் வருவது அதற்குள் நின்றுபோயிருந்தது. வாசித்துவிட்டு, "இன்னைக்குச் சரியா எழுதியிருக்காவ" என்றார். முகம் கொஞ்சம் லேசானது. தன் கஷ்டம் வேதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்பதுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஆறுதல். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அன்றன்றைக்கு ஒரு வசனம் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளைக் கடக்க.

சரி, கிளி ஜோசியத்துக்கு வருவோம். ஜோசியரிடம் போகிறவர் "எனக்கு என்ன நடக்கும்" என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது, "நடக்கும்போது யார் கூட இருப்பார்கள்" என்பதற்கான பதில். 23-ம் சங்கீதம் பள்ளத்தாக்கே வராது என்று சொல்லவில்லையே. "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்றுதானே சொல்கிறது.

"சீட்டு எடுப்பதே தவறு" என்கிறீர்களா? நீதிமொழிகள் 16:33-ஐ வாசியுங்கள், சீட்டு மடியிலே போடப்பட்டாலும் முடிவு கர்த்தரால் வரும் என்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலனாகச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்தெடுத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றால் வரலாற்றைப் பாருங்கள். ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஓர் ஊர். மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டு ஓடிவந்த அகதிகள் 1722-ல் கட்டிய ஊர். அங்கே 1728 மே மாதம், அவர்களுக்கு இடம் கொடுத்த சின்சென்டார்ஃப் பிரபு மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கென்று ஒரு வார்த்தை கொடுத்தார். காலையில் சகோதரர்கள் அதை வீடு வீடாகக் கொண்டு போனார்கள். 1731-லிருந்து அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது, இன்றுவரை நிற்கவில்லை. ஒவ்வொரு நாளுக்குமான பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றைக்கும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அந்தச் சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியிருந்தவர்கள். கிட்டத்தட்ட முந்நூறு வருஷமாக நடக்கிற ஒரு காரியத்தைக் கழுத்தை ஆட்டிக் காட்டி முடித்துவிட முடியாது தம்பி.

அடுத்து, படித்தவர்கள் எல்லாரும் சொல்கிற ஒன்று: "வசனத்தைச் சூழலிலிருந்து பிய்த்து எடுக்கிறீர்கள்." எரேமியா 29:11-ஐத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவார்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதின கடிதம், உனக்கு வேலை கிடைப்பதற்கு எழுதினது அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சூழலை முழுசாகச் சொல்லுங்களேன். அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியா எழுபது வருஷம் என்றான். அதாவது அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கினவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே செத்துப்போவார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த வாக்குத்தத்தத்தைக் கொடுக்கிறார் கர்த்தர். சூழலோடு வாசித்தால் அது இன்னும் எங்களுக்கானதாக ஆகிறது.

டீட்ரிச் போன்ஹோஃபரை உங்கள் இறையியல் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர், ஹெர்ன்ஹூட்டின் அந்தத் தின வசனங்களைப் பழக்கமாக வாசித்தவர். 1939 ஜூன் மாதம் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார், ஜெர்மனிக்குத் திரும்புவதா வேண்டாமா என்று மனம் கிடந்து தவித்தது. 26-ம் தேதி தற்செயலாக வாசித்தது "மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு" என்கிற வசனம். பவுல் தீமோத்தேயுவை வரச் சொன்னது அது. அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த மாதமே கப்பலேறினார். 1945 ஏப்ரலில் ஃபிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். அவ்வளவு பெரிய இறையியலாளருக்கு அனுமதி உண்டு, மெஞ்ஞானபுரத்து ஆச்சிக்குக் கிடையாதா?

அட்டை விற்றுச் சம்பாதிக்கிறார்கள் என்பவர்களுக்கு: சம்பாதிக்கிறவனைப் பிடியுங்கள், வாங்குகிறவளை விடுங்கள். போன் நிறைந்துவிடுகிறது என்பவர்கள் அழித்துவிடுங்கள். "இதெல்லாம் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்கிற வழிதானே" என்கிற என் நாத்திக நண்பர்களோடு இன்றைக்கு எனக்குச் சண்டை இல்லை. அவர் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து ராத்திரி தங்கினவர்களில் உங்களில் இரண்டு பேர் உண்டு.

"வாக்குத்தத்தம் பலித்ததா?" இதைத்தான் சிலர் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கடைசியாக அவர் எடுத்த புத்தாண்டு அட்டையில் எரேமியா 30:17 இருந்தது. "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அந்த வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். அட்டை அவர் வேதாகமத்துக்குள் இன்னும் இருக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று விளக்கி உங்களை ஜெயிக்க என்னால் முடியாது. அந்த எட்டு மாதமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தோம், அந்த எட்டு மாதமும் தனியாக இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவளுக்கு அந்த வசனத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் வேறொன்று சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு வந்த ஒரு ஜெபக்குழு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்லா" என்றார்கள். பெட்டி வீட்டில்தான் இருந்தது. "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போலவும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப்போலவும் இருப்பான்" என்று நீதிமொழிகள் சொல்வது எனக்கு அன்றைக்குத்தான் எரிந்தது. அந்த அம்மாவும் அந்தப் போதகரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதாக நினைக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். ஒருவர் என் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்தார், இன்னொருவர் என் ஆறுதலைக் கண்டு சிரித்தார்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்த பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கென்று நலமாக இருப்பவர்கள் எழுதி அனுப்பிய ஆறுதல் எழுத்துகள் தனக்கு ஒட்டவில்லை என்று சொல்லி, நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். அத்தை எழுதுவதும் அப்படித்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் வசனம் வந்தது. மகனைப் புதைத்துவிட்டு வந்த தாய் அவர்கள். ஏதாவது பெரிய ஆறுதல் வசனத்தைத் தேடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வரிசையில் அன்றைக்கு எண்ணாகமம் 33. இஸ்ரவேலர் எங்கிருந்து புறப்பட்டார்கள், எங்கே தங்கினார்கள் என்கிற பட்டியல். யாரும் பிரசங்கம் பண்ணாத அதிகாரம். அதன் நடுவில் மோசேயின் அண்ணன் ஆரோன், 'ஓர்' என்கிற மலையில் இறந்துபோகிறான். அடுத்து அந்த 'ஓர்' மலையை விட்டுப் புறப்பட்டு சல்மோனாவில் பாளயமிறங்கினார்கள் என்று பட்டியல் தொடர்கிறது. அத்தை எழுதியது அந்த வரியை. கையெழுத்து பாதிக்கு மேல் புரியவில்லை. கீழே "ஸ்தோத்திரம் மக்களே" மட்டும் புரிந்தது. நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளைக்குக் காபி போட்டேன். அன்றைக்கு அதற்குமேல் என்னால் முடியவில்லை, அதற்கு அந்த வரி போதுமானதாக இருந்தது.

இதை எந்தக் கிளி எடுத்துக் கொடுக்கும்?

ஹெர்ன்ஹூட்டில் வசனத்தைக் கொண்டுபோனவர்கள் அந்தந்த வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டும் வந்தார்கள். அதை நாம் விட்டுவிட்டோம், அதைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணுங்கள் போதகரே, முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். அவர் படுத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறின ஊழியக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அத்தையின் வசனம் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. வர முடியாத வயதில் அவர்களால் அனுப்ப முடிந்தது அது ஒன்றுதான். உங்கள் சபையிலும் அப்படி ஆச்சிமார் இருப்பார்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வசனம் அனுப்பினார்களா என்று விசாரித்தீர்களா? அனுப்பாமல் விட்டிருந்தால், அதை எதிர்பார்த்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் என்ன அனுப்பப் போகிறீர்கள்?

கமெண்டில் கிளிப் படம் போட்டவர்களை நீக்கிவிட்டேன், இனிப் போடுகிறவர்களையும் நீக்குவேன். அந்த வீடியோ அத்தையின் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இதை வாசிக்கிற சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் குடும்பக் குரூப்பில் இருக்கிறீர்கள். வேடிக்கைக்குக்கூட அதை அங்கே போட்டுவிடாதீர்கள். போட்டால் பெரியவர், சிறியவர் என்று பார்க்க மாட்டேன்.